ராணியின் வெள்ளைச் சட்டையும் நீ உடுத்த வெள்ளைச் சேலையும்

நேற்றுப் பின்னேரம் டி.வி.யில் எங்கள் சட்டை வந்தது.

நான் குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொடர்களைத் திரும்பவும் போடுவார்களே, அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுச் சோபாவில் வாயைத் திறந்தபடி நித்திரை. வெங்காயத்தைக் கிளறியபடி எட்டிப் பார்த்தேன். ஒரு தோட்டம், அதில் ஒரு பெண், மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை. இரண்டு கைகளிலும் முழங்கைக்கு மேலே நாடா கட்டிச் சுருக்கியிருந்தது. இடது கையைவிட வலது கை கொஞ்சம் கூடுதலாக உப்பியிருந்தது. ஐயோ, அதுதான்! வலது கை நீ தைத்தது, இடது கை நான் தைத்தது. "காணும், காணும், இதுக்கு மேலை சுருக்கினால் பூசணிக்காய் மாதிரி நிக்கும்" என்று நான் கத்தக் கத்த நீ சுருக்கிக்கொண்டே போனாய்.

அந்த நடிகையின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ, எங்கடை சட்டை!" என்று கூப்பிட்டேன். இவர் பதறி எழும்பி, "ஆர், ஆர் செத்தது?" என்று கேட்டார். அதற்குள் காட்சி மாறிவிட்டது. வெங்காயமும் கருகிவிட்டது.

இவருக்கு விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். "ஓ" என்றார், திரும்பவும் படுத்துவிட்டார். இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் இந்த லண்டனில் ஒருத்திதான் இருந்தாள். அவள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. நினைக்க எனக்குக் கோபமாக வருகிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ வாசிக்கமாட்டாய் என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

வால்தம்ஸ்டோவில் நாங்கள் சேர்ந்திருந்த வீட்டில் மேல்மாடி முன் அறை உனக்கு. பின் அறையில் நானும் இவரும் மகளும். எல்லாருக்கும் ஒரே குசினி. வந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு மரியாதை! "நீங்கள் முதல்லை சமையுங்கோ", "இல்லையில்லை, நீங்கள் சமையுங்கோ" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நிற்போம். நீ ஊரில் வங்கியில் வேலை பார்த்தவள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ஒரு பயம். நான் தையல் மெசினும் வீடுமாக இருந்தவள். எட்மண்டனில் நாடகக்காரருக்கும் டி.வி.க்காரருக்கும் உடுப்புத் தைத்துக் கொடுக்கும் ஓர் இடத்தில் ஆள் எடுக்கிறார்களாம் என்று யாரோ சொல்ல, இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். உனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பொறுமை இல்லை. எனக்கு ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயம். நீ கதைத்தாய், நான் தைத்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு. பிரெஞ்சுப் புரட்சி நடந்து இருநூறு வருசமாம். நாடகம் போடுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ராணி வேண்டும், ராணியைச் சுற்றி நிற்கச் சீமாட்டிகள் வேண்டும். பட்டும் லேசும் நாடாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. வேலையில் எங்களுக்கு மேலே இருந்தவள் மவ்ரீன். துணி வெட்டுவதும் அவள்தான். வாயில் எந்த நேரமும் குண்டூசி. அதை எடுக்காமலே கதைப்பாள், எனக்குப் பாதி விளங்காது. அவள் சொல்லுகிற உடுப்புப் பெயர்கள் மீதிப் பாதியும் விளங்காது. அதனால் நீ பெயர் வைத்தாய். நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கிக் கட்டுகிற உள்ளுடுப்பு 'கூடு'. அதற்கு மேலே நெஞ்சின் நடுவில் ஊசியால் குத்திவைக்கிற முக்கோணத் துண்டு 'பட்டம்'. பாவாடை இரண்டு பக்கமும் விரிந்து நிற்பதற்காக இடுப்பில் கட்டுகிற வளையங்கள் 'கடகம்'. பிரெஞ்சுப் பாஷையிலும் அதற்குக் கூடை என்றுதான் அர்த்தம் என்று மவ்ரீன் சொன்னபோது நீ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாய். "பாத்தியளே, பனையோலை இல்லாத குறைதான்" என்றாய்.

உனக்குச் சின்ன இடுப்பு. அதனால் மவ்ரீன் எதைத் தைத்தாலும் உன்னில்தான் போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் கூடு, கடகம், பட்டுச் சட்டை எல்லாவற்றையும் உன்னில் ஏற்றிவிட்டு டெலிபோன் எடுக்கப் போய்விட்டாள். உனக்கோ கழிப்பறைக்கு அவசரம். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் வாசலால் பக்கவாட்டில்தான் நுழைவார்கள் என்று முதல்நாள் கேட்டிருந்தாய். நீயும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் உள்ளே போனாய். போனவளுக்கு உள்ளே திரும்ப இடமில்லை. "எடி! எடி, இஞ்சை ஓடி வந்து என்னை இழு!" என்று நீ போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். அதுவரை 'நீங்கள்', 'வாங்கோ' என்றுதான் கதைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அந்த மரியாதை எங்களுக்குத் திரும்பி வரவேயில்லை.

இழுத்து வெளியே எடுத்தபின் நீ கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாய். தோளிலிருந்து நிலம் வரை மடிப்பு மடிப்பாக விழுந்த பட்டை, கழுத்தைத் திருப்பி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாய். "என்ன வடிவு, என்ன?" என்றாய். உண்மையாகவே வடிவுதான். நெற்றியில் குங்குமப் பொட்டோடு ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி. மவ்ரீன் திரும்பி வந்தவள் அந்தப் பொட்டைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். புருசன் இருக்கிற பெண்கள் வைப்பது என்று நீ சொன்னாய். உன் புருசன் எங்கே என்றாள். "தெரியாது" என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். மவ்ரீன் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அன்றுதான் அவள் வாயில் ஊசி இல்லாமல் நான் பார்த்தேன்.

எனக்கும் அன்றுதான் முழுவதும் தெரியவந்தது. பஸ் தரிப்பில் வைத்துச் சொன்னாய். எண்பத்தாறில் ஒரு விடியற்காலை, கொழும்புக்குப் போறன் என்று வெளிக்கிட்ட மனுசன் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. திரும்பியும் வரவில்லை. கண்டவர்களும் இல்லை, உடம்பும் இல்லை. அவருடைய அக்கா, உன் மச்சாள், லண்டனில் மோர்டன் பக்கம் இருந்தவ, அவதான் உன்னை இங்கே கூப்பிட்டு எடுத்தா. தம்பி எப்படியும் வருவான், வருகிறபோது மனுசி பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காக. "எடி, நான் கலியாணம் முடிச்சவளோ, அறுதலியோ எண்டு எனக்கே தெரியாது. வேறை ஆரிட்டையும் கேக்கவும் ஏலாது" என்றாய். பஸ் வந்துவிட்டது. உன் பையையும் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

ஆனால் எங்கள் சனத்துக்கு எல்லாம் தெரியும். நீ பொட்டோடு கலியாண வீட்டுக்குப் போனால், "புருசன் இல்லாதவளுக்கு இது என்ன எடுப்பு" என்று பின் வரிசையில் ஒரு குசுகுசு. ஒருநாள் பொட்டு வைக்காமல் கோயிலுக்குப் போனாய். "பாருங்கோவன், அந்த மனுசன் எங்கையோ உயிரோடை கிடந்து தவிக்குது, இவள் பொட்டை அழிச்சுப்போட்டாள்" என்று அதே வாய்கள். குங்குமத் தட்டு உனக்குக் கிட்ட வரும்போது தட்டை வைத்திருக்கிறவ ஒரு கணம் நின்று யோசிப்பா. நீட்டுவதா, தாண்டிப் போவதா? அந்த ஒரு கணத்தை நான் உனக்குப் பக்கத்தில் இருந்து எத்தனை தரம் பார்த்திருப்பேன். நீ கையை நீட்டவும் மாட்டாய், மடக்கவும் மாட்டாய். மடியில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பாய்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைச் சட்டை வந்தது.

ராணிக்கு ஒரு சட்டை வேண்டும் என்று மவ்ரீன் ஒரு படத்தின் போட்டோகொப்பியைத் தந்தாள். கறுப்பு வெள்ளைக் கொப்பி, நிறம் ஒன்றும் தெரியாது. கூடு தெரியவில்லை, கடகம் இல்லை, பட்டு இல்லை, நகை இல்லை. தோளிலிருந்து கால்வரை மெல்லிய வெள்ளைப் பருத்தி, கழுத்திலும் கைகளிலும் சுருக்கு, அவ்வளவுதான். துணி மூட்டையில் மஞ்சள் பட்டு ஒரு துண்டும் கிடந்தது, இடுப்பில் கட்டுவதற்கு. நீ கொப்பியைத் தூக்கி வைத்துப் பார்த்தாய். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நன்றாகப் படித்தவளல்லவா, உடனே சொல்லிவிட்டாய். "எடி, ராசாவின்ரை தலையை வெட்டிப்போட்டாங்கள் எல்லே. இது அதுக்குப் பிறகு. பார், ஒரு நகை கூட இல்லை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வேறு எப்படிப் படும்? நேற்று வரைக்கும் பட்டும் பூவும் கடகமுமாய் நின்ற ராணி திடீரென்று வெள்ளைப் பருத்தி உடுத்தி நின்றால் நாங்கள் என்னத்தை நினைப்போம்? "அப்ப உந்த மஞ்சள் பட்டு?" என்று கேட்டேன். "உது வேறை ஆற்றையோ சாமான், மாறி வந்திட்டுது. தாலி அறுத்தவளுக்கு மஞ்சளைக் கட்டுறதே, பாவம்" என்று அதை மடித்து மற்ற மூட்டைக்குள் வைத்துவிட்டாய். விளிம்பில் தைக்கச் சொன்ன லேசையும் தைக்கவில்லை. கையைச் சுருக்கும்போது நான் கத்தியதைத் தவிர, சட்டையைத் தைத்து முடிக்கும்வரை இரண்டு பேரும் பகிடி ஒன்றும் விடவில்லை. செத்தவீட்டில் இருக்கிறமாதிரி இருந்து தைத்தோம். அந்த ராணிக்காக எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது, சத்தியமாக.

மவ்ரீன் வந்து சட்டையைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். இடுப்புப் பட்டு எங்கே, லேஸ் எங்கே என்று கேட்டாள். நீ ஆங்கிலத்தில் அழகாக விளக்கம் சொன்னாய். மவ்ரீன் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ராசா அப்போது உயிரோடு இருந்தான் என்றாள். ராணி சந்தோசமாக இருந்த காலமாம் அது. அரண்மனையில் கூட்டையும் கடகத்தையும் கட்டிக் கட்டி அலுத்துப்போய், தோட்டத்தில் ஒரு சின்ன மாளிகைக்குப் போய் இப்படி லேசாக உடுத்திக்கொண்டு திரிந்தாளாம். அந்த உடுப்போடு படம் கீறுவித்தாளாம். படத்தை வெளியே வைத்ததும் ஊரே கொதித்ததாம். ராணி உள்ளுடுப்போடு நிற்கிறாள் என்று ஒரு கூட்டம், நாட்டுப் பட்டை விட்டுப் பிறநாட்டுப் பருத்தியை உடுத்தினால் நெசவாளர் என்ன செய்வார்கள் என்று இன்னொரு கூட்டம். படத்தைக் கழற்றிவிட்டுப் பட்டுச் சட்டையோடு வேறு படம் வைத்தார்களாம். ஆனால் கொஞ்ச நாளில் திட்டின சீமாட்டிகள் எல்லாருமே வெள்ளைப் பருத்தி தைக்கத் தொடங்கிவிட்டார்களாம்.

நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாய். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. "நாங்கள் அவளின்ரை மனுசனை முந்தியே சாக்காட்டிப்போட்டம்!" என்று தமிழில் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மவ்ரீனிடம் கேட்டாய், அப்படியென்றால் ராசா செத்த பிறகு அவள் என்ன உடுத்தினாள் என்று. கறுப்பு என்றாள். அவர்களிடம் துக்கத்துக்கும் படிப்படியாக ஒழுங்கு இருந்ததாம். முதலில் பளபளப்பில்லாத கம்பளிக் கறுப்பு, பிறகு கறுப்புப் பட்டு, பிறகு கறுப்போடு வெள்ளை, பிறகு மெதுவாக மற்ற நிறங்கள். ஆனால் ராணியைத் தலை வெட்டக் கொண்டுபோன நாளில் கறுப்பு உடுத்த விடவில்லையாம். வெள்ளையோடுதான் போனாளாம்.

நீ யோசித்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: "புருசனைக் காணவில்லை என்றால்? செத்தானா இருக்கிறானா என்று தெரியாவிட்டால், என்ன நிறம்?" மவ்ரீன் தன்னிடம் இருக்கிற புத்தகங்களில் பார்க்கிறேன் என்றாள். பாவம், பார்த்துமிருக்கிறாள். ஒரு கிழமை கழித்து உனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அதற்கு ஒழுங்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நீ வெள்ளைச் சேலை உடுத்தத் தொடங்கினாய். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே எழுதும்போதாவது விளங்கும் என்றுதான்.

வெள்ளை என்றால் கரைகூட இல்லாத மெல்லிய பருத்தி. கழுத்தில் தாலி. நெற்றியில் வட்டமாக, முன்னரைவிடப் பெரிதாகக் குங்குமம். இந்தக் கோலத்தில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினாய் பார், சனம் குழம்பிவிட்டது! பொட்டைப் பார்த்துக் கிட்ட வந்தவர்கள் சேலையைப் பார்த்து நின்றார்கள், சேலையைப் பார்த்து விலகினவர்கள் பொட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். குங்குமத் தட்டோடு வந்த மனுசி அப்படியே நின்றுவிட்டா. முதல்தரம் நீ கையை நீட்டி நீயாகவே எடுத்து வைத்தாய். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

ஏன் என்று உன்னைக் கேட்டேன். "ராணி உடுத்தலாம், நான் உடுத்தினால் என்ன?" என்றாய். சரி, பகிடி என்று விட்டேன். இன்னொரு நாள் கேட்டேன். "எடி, தோய்க்க லேசு, காய லேசு" என்றாய். மற்றொரு நாள், மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் கேட்காமலே, "நான் ஒண்டையும் முடிவு செய்யேல்லை. முடிவு செய்யாமல் இருக்க ஒரு உடுப்பு வேணும் எல்லே" என்றாய். அதுதான் காரணம் என்று நான் பிடித்துக்கொள்ள, அடுத்த கிழமையே, "சும்மா கதைச்சனான், நீ பெரிசாய் எடுத்துப்போட்டாய்" என்று சிரித்தாய். உன்னோடு என்ன செய்வது?

மோர்டனில் இருந்து மச்சாள் வந்த நாள் நினைவிருக்கிறதா? கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்று, "என்ரை தம்பியைச் சாக்காட்டிப்போட்டாய் என்ன?" என்றா. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் அங்கேயே நின்றேன், உன்னைத் தனியே விட மனம் வரவில்லை. நீ சண்டை பிடிக்கவில்லை. "அக்கா, பொட்டைப் பாருங்கோ. தாலியைப் பாருங்கோ. எல்லாம் இருக்குத்தானே" என்று மட்டும் சொன்னாய். "அப்ப ஏன் இந்த வெள்ளை?" "இந்த ஊரிலை வெள்ளை கலியாணப் பொம்பிளையின்ரை நிறம் அக்கா." மச்சாள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டா. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நீ அவவுக்கு டெலிபோன் எடுப்பாய். அவ தம்பியைப் பற்றிச் சொல்லச் சொல்ல நீ "ஓம் அக்கா, ஓம், வருவார்" என்று சொல்லிக்கொண்டிருப்பாய். சுவரின் இந்தப் பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு உன் "ஓம்" மட்டும் கேட்கும்.

என் மகள் பெரியபிள்ளையானபோது, சாமத்தியச் சடங்குக்கு நீதான் ஆலாத்தி எடுக்கவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். இவரின் அம்மா ஊரிலிருந்து டெலிபோனில் வேண்டாம் என்று சொல்லியும் நான் கேட்கவில்லை. நீ மாட்டேன் என்றாய். "எனக்கே தெரியாததை உன்ரை பிள்ளையை வைச்சுச் சோதிக்கப் போறியே? விசரே உனக்கு?" என்று ஏசினாய். அப்படியென்றால் நீ உன்னை என்னவென்று நினைத்தாய்? கோயிலில் குங்குமத்தைக் கை நீட்டி எடுத்தவள் என் மகளுக்கு முன்னால் ஏன் பின்வாங்கினாய்? அந்த முழு நாளும் சமையலறையில் நின்று எல்லாருக்கும் பலகாரம் வைத்தாய். எனக்குப் பொல்லாத கோபம், ஒரு கிழமை உன்னோடு சரியாகக் கதைக்கவில்லை. நீ எதுவும் நடக்காததுபோல எங்கள் அறைக் கதவைத் தட்டி, "எடி, உப்பு இருக்கே?" என்று கேட்டாய்.

உனக்குத் தீராத வருத்தம் என்று டொக்டர் சொன்னபின் எல்லாம் வேகமாக நடந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு வருகிற நேரமெல்லாம் நீ மவ்ரீனைப் பற்றியும், சட்டைகளைப் பற்றியும், இங்கே வாசல்கள் அகலம், கடகத்தோடு நேராகவே நுழையலாம் என்றும்தான் கதைத்தாய். நான் ஒன்றைக் கேட்கவேண்டும் என்று நினைத்து நினைத்து வருவேன். எப்படிக் கேட்பது? மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம், உனக்குக் கடைசியாக என்ன உடுத்த என்று யார் கேட்பார்கள்? நீயாவது சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒரு வாய் வைத்திருந்தவள், இதற்கு மட்டும் வாய் திறக்காமல் போய்விட்டாய்.

இறுதிக்கிரியைக்காக உன்னை வைத்திருந்த இடத்தில், உடுத்துவதற்குப் பெண்களுக்கென்று ஒரு சின்ன அறை தந்தார்கள். நான் உன் வெள்ளைச் சேலையை ஸ்திரிக்கை போட்டு மடித்துக் கொண்டுபோயிருந்தேன். மச்சாள் ஒரு பையோடு வந்தா. அதற்குள் உன் கூறைச் சேலை, சிவப்பும் பொன்னுமாய். உனக்குக் கலியாணத்தில் கட்டினது, ஊரிலிருந்து எப்படியோ எடுப்பித்து இவ்வளவு காலம் தன் அலுமாரியில் வைத்திருந்திருக்கிறா. வந்திருந்த மற்றப் பெண்கள் சுவரோடு ஒதுங்கி நின்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். புருசன் இருக்கிறவளாக அனுப்புவதென்றால் கூறையும் பூவும் பொட்டும். இல்லாதவளாக என்றால் ஒன்றும் இல்லை. அதில் ஒருத்தி என்னிடம், "உங்களுக்குத்தானே தெரியும், அவ என்ன நினைச்சவ?" என்று கேட்டா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாது. ஆனால் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று மட்டும் நினைத்தேன். "அவ கடைசி வரைக்கும் வெள்ளைதான் உடுத்தவ. பொட்டு வையுங்கோ, தாலி இருக்கட்டும், ஆனால் வெள்ளைதான்" என்று சத்தமாகவே சொன்னேன். மச்சாள் என்னோடு சண்டைக்கு வருவா என்று பார்த்தேன். வரவில்லை. பையை நெஞ்சோடு அணைத்தபடி மெதுவாகச் சொன்னா:

"பிள்ளை, நான் ஒரு செத்தவீட்டுக்குத்தான் வந்தனான். இவளுக்கு வெள்ளை உடுத்தினால் என்ரை தம்பிக்கும் இண்டைக்குத்தான் செத்தவீடு. ரெண்டும் ஒரே நாளிலை என்னாலை ஏலாது."

கூறையை வாங்கி விரித்தேன். நானும் மச்சாளும் சேர்ந்து உனக்கு உடுத்தினோம். மடிப்பு எடுத்தது நான். நீ நிற்கமாட்டாய், திரும்பமாட்டாய், மடிப்பை ஊசி குத்திக் குத்தித்தான் நிறுத்தவேண்டியிருந்தது. மவ்ரீனின் சீமாட்டிகளும் தாங்களாக உடுத்துவதில்லையாம், வேறு பெண்கள் சுற்றி நின்று ஒவ்வோர் ஊசியாகக் குத்திவிட வேண்டுமாம். மச்சாள் பொட்டு வைத்தா. கோணலாகப் போய்விட்டது, என் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்ப வைத்தா. பூ வைத்தபின் நீ வடிவாகத்தான் இருந்தாய். அது நீதானா என்று எனக்குச் சந்தேகமாகவும் இருந்தது.

நான் செய்தது சரியா? ஒரு வருசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாளில், நீ யாரென்று சொல்ல ஒருத்தருக்கும் இடம் கொடுக்காமல் இருந்த அவ்வளவு காலத்தையும் கடைசி அரை மணித்தியாலத்தில் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். சில நாளில், நீ அந்த அறையில் எழும்பி நின்றிருந்தால் நீயே அந்தப் பையை வாங்கி உடுத்தியிருப்பாய் என்றும் நினைக்கிறேன். பொட்டு மச்சாளுக்காக, வெள்ளை உனக்காக, அப்படித்தானா? அப்படியும் இருக்கலாம். அல்லது தோய்க்க லேசு என்பதுதான் உண்மையோ, யார் கண்டது.

இப்போது மச்சாள் எனக்கு டெலிபோன் எடுக்கிறா. ஒவ்வொரு ஞாயிறும், நீ எடுக்கிற அதே நேரம். உன்னைப் பற்றிக் கதைக்கும்போது 'இருந்தவள்', 'செய்தவள்' என்கிறா. தம்பியைப் பற்றிக் கதைக்கும்போது 'இருக்கிறான்', 'வருவான்' என்கிறா. நான் "ஓம் அக்கா, ஓம்" என்கிறேன். சொல்லும்போது அது என் குரல் மாதிரியே இல்லை. எத்தனை வருசம் இதைச் சொல்லியிருப்பாய் நீ, எப்படியடி சொன்னாய்?

நேற்றும் எடுத்தா. கருகின சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டுப் போய் எடுத்தேன். சட்டையைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. கொஞ்ச நேரம் குளிரைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் கதைத்தா. பிறகு குரல் மாறிவிட்டது.

"பிள்ளை, எனக்கு ஒரு யோசினை. அவன் வந்து நிண்டு, அவள் எங்கை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுவன்?"

நான் யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது.

"கூறை உடுத்துத்தான் போனவ எண்டு சொல்லுங்கோ அக்கா."

"ஓம் என்ன" என்றா மச்சாள். "அதைக் கேட்டால் அவனுக்கு ஆறுதலாய் இருக்கும்."

"ஓம் அக்கா" என்றேன்.